தொட்டி ஓரத்து மண்

என் அன்புக்குரிய லேப் மேடத்துக்கு, வீட்டிலிருந்து உன் டெய்லர் எழுதுவது. நானும் மகளும் நலம். உன் இருமல் நின்றதா?

சோதனை செய்யச் சொல்லி நான் அனுப்பிய மண்ணைப் பற்றி உன் கடிதம் வந்தது. "இது நம்ம தோட்டத்து மண்ணே இல்ல, எங்க எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், உரம் கொட்டி வைக்கும் மூலையில் எடுத்தேன். அங்கேதான் மண் கறுப்பாக, லட்சணமாக இருந்தது. நீ நட்டுவிட்டுப் போன தக்காளியும் அவரையும் மஞ்சளடித்து நிற்கின்றன. உன்னோடு வேலை பார்ப்பவர்கள் முன்னால் மானம் போய்விடக்கூடாதே என்று அந்தக் கறுப்பு மண்ணை எடுத்து, அதையும் சலித்து அனுப்பினேன். "மண்ணுக்குப் பவுடர் போட்டா அனுப்புனீங்க?" என்று உன் மகள் இரண்டு நாளாகச் சிரிக்கிறாள்.

இந்த முறை நீ சொன்னபடியே செய்தேன். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, சருகை ஒதுக்கிவிட்டு, எட்டு இடத்தில் 'வி' போலக் குழி வெட்டினேன். ஆழம் ஆறு அங்குலம். டேப் வைத்து அளந்தேன், அளவில் நீ என்னைக் குறை சொல்ல முடியாது. குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி, பிளாஸ்டிக் வாளியில் கலந்தேன். நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை விலக்கிவிட்டு மீதியைக் கலந்து, அரைக் கிலோ மிஞ்சும்வரை அதையே திரும்பச் செய்தேன். கடையில் கட்டிங் மேஜைக்கு அடியில், நிழலில் காயவைத்தேன். ஒருவருடைய பேன்ட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. அவரிடம் சொல்லவில்லை.

துவைக்கும் இடத்தை ஒட்டிய பாத்தியின் மண் மட்டும் தனிப் பையில் இருக்கிறது. ஒரு வருஷமாகச் சோப்புத் தண்ணீரை அங்கேதான் கொட்டினேன். தூக்கிப்போய் வெளியே ஊற்ற அலுப்பு. வெளுத்து, இறுகிக் கிடக்கிறது. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதவி உயர்வோடு இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போன மாதம் கேட்டாய். இங்கே ஒரு குறையும் இல்லை, தாராளமாக இரு என்று எழுதினேன். அந்தப் பதிலும் தொட்டி ஓரத்தில் எடுத்த மண்தான். மகள் உன் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போவதை விட்டுவிட்டேன். யாருமில்லாத வீட்டைத் திறக்கப் பிடிக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் மறுபடியும் "நல்லா இருக்கோம்" என்றுதான் வாயில் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ ஆபீசில் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கடிதம் கூரியரில் நாளையே உன் கைக்கு வந்துவிடும். அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அங்கேயே இருப்பதென்று முடிவு செய்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் நீ கேட்டது என்னை. வந்துவிடு என்பதுதான் என் பதில். முதல் தடவையே அதை எழுதத் தைரியம் இல்லை.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
டெய்லர்