கழற்றிய தாழ்ப்பாள்கள்

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நெட்டை அக்கா எழுதுவது. நலம்தானே? போன கடிதத்துக்கு இரண்டே வரி பதில் போட்டிருந்தாய். உன் வாயை அடக்கப் பாடுபட்ட காலம் போய், ஒரு வார்த்தைக்கு நான் தவமிருக்க வேண்டியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போர்க்காலக் குற்றங்களுக்கான விசாரணை தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நம் பதினொரு பேரைப் பத்தொன்பது நாள் பூட்டிவைத்து, சிப்பாய்களை உள்ளே அனுப்பினானே, அந்த அதிகாரி உயிரோடுதான் இருக்கிறான். நான் சாட்சி சொல்லப்போகிறேன். ஆஸ்பத்திரித் தையல் அறையில் லீவும் கேட்டுவிட்டேன். ஒருத்தி போதாது, இன்னொரு சாட்சியும் வேண்டும், இல்லையென்றால் வழக்கை மூடிவிடுவார்கள் என்கிறார் வக்கீலம்மா. மிச்சமிருப்பது நீயும் நானும்தான். முப்பதாம் தேதி விசாரணை. வருவாயா?

உன் நெட்டை அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நின்று படித்தேன். கையிலிருந்த லென்ஸ் விழுந்து உடைந்தது. முதலாளியிடம் தலைசுற்றல் என்று புளுகினேன்.

என்னால் முடியாது அக்கா. இவருக்கு எதுவுமே தெரியாது. மகளுக்கும் தெரியாது. தெரிந்தால் என்னை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? இவர் நல்ல மனிதர், கொஞ்சம் அசடு. கல்யாணமான புதிதில், மழையில் கதவெல்லாம் உப்பிவிட்டது என்று வீட்டிலுள்ள தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றினார். இருபத்தெட்டு வருஷமாகத் திருப்பி மாட்டவில்லை. பாத்ரூமுக்குக்கூடக் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். இப்படிப்பட்டவரிடம் போய் இதை எப்படிச் சொல்வேன்?

எழுதினால் கடை விலாசத்துக்கே எழுதுங்கள்.

வாயாடி

மார்ச் 11

வாயாடி,

கோபம் இல்லாமல் இல்லை. ஆனாலும் உன் பெயரைச் சொல்லமாட்டேன், பயப்படாதே.

நம்மோடு பூட்டிவைத்திருந்த அந்தச் சின்னப் பெண்ணை மட்டும் நினைத்துப் பார். அன்றைக்கு என்னை வெளியே இழுத்துப் போயிருந்தார்கள். அவள் எப்படிச் செத்தாள் என்று பார்த்தவர்களில் மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை பேசிக்கொண்டே இருந்தாயாமே.

அக்கா

மார்ச் 14

அக்கா,

எது நடக்கக்கூடாதென்று பயந்தேனோ அது நடந்துவிட்டது. காய்ச்சலென்று லீவு போட்டேன். முதலாளி, உதவுகிறேன் பேர்வழி என்று, உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்துவிட்டார். நான் எழுந்து வந்தபோது மேசைமேல் இருந்தது. உறை பிரிந்திருந்தது. இவர் பிரித்தாரா, கோந்து விட்டுப்போனதா, தெரியவில்லை. சைக்கிளைத் துடைக்கிறார். துடைத்ததையே துடைக்கிறார். தயவுசெய்து இனிமேல் எழுதாதீர்கள்.

மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பொறுக்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"படிச்சீங்களா?"

"இல்ல. தானாப் பிரிஞ்சிருந்துச்சு. படிச்சுத்தான் தெரியணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான மூன்றாம் நாள் இவர் அறைக்கதவைத் தாழிட்டாராம். அந்தச் சத்தத்தில் நான் கட்டிலுக்கடியில் புகுந்து, "அந்தப் பிள்ளைய விட்டுடுங்க" என்று கத்தினேனாம். எனக்கு நினைவே இல்லை அக்கா.

"மறுநாளே எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

"கதவு உப்பிப்போச்சுன்னீங்களே?"

"பாத்ரூம் கதவு தகரம்டி. தகரம் எங்கயாவது உப்புமா?"

இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று சண்டை போட்டேன். நீயா சொல்வேன்னு இருந்தேன் என்றார். அப்புறம் அழுதேன். நன்றாகவே அழுதேன்.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. ரயிலேறும்முன் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை. ஆனால் வருகிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும்.

ஒன்றே ஒன்று வக்கீலம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். விசாரணை அறையின் கதவைத் தாழிடுவார்களா? தாழிடுவார்கள் என்றால் இவர் ஸ்குரூடிரைவரோடு வருவாராம்.

பதிலை வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

உங்கள் வாயாடி