நகல் போடாத மனு

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மேஜை. மனு நாள். மதியத்துக்குள் பதினேழு மனு டைப் அடித்தேன். விரல் வலி. டீ மூன்று.

ஒன்று என் சொந்த மனு, மூன்றாம் முறை. அரியமங்கலத்தில் எங்கள் தெருக் கிணறு. பின்னால் முலாம் பூசும் பட்டறை. அதன் கழிவுக் குழாய் கிணற்றை ஒட்டிய சாக்கடையில். தண்ணீர் மஞ்சள். தங்கை பானுவின் மகள் ஸஃபியாவுக்குக் கை முழுக்கப் புண்.

மனு கலெக்டருக்கு. கீழே வழக்கம்போல் நகல்: புகை ஆபீஸ், சாக்கடை ஆபீஸ், தண்ணீர் ஆபீஸ், எஸ்டேட் ஆபீஸ். (நான் வைத்த பெயர்கள். புகை என்றால் மாசுக் கட்டுப்பாடு, எஸ்டேட் என்றால் தொழிற்பேட்டை. முழுப் பெயர் எழுதினால் பக்கம் தீர்ந்துவிடும்.) நகல் இல்லாமல் என் மனு போகாது. அதில் எனக்கு ஒரு பெருமை.

ஜூன் 11, புதன்
நான்கு ஆபீஸும் ஏறி இறங்கினேன்.
புகை: "சாக்கடையில விட்டா அவங்கதாம்மா கேக்கணும்."
சாக்கடை: "ரசாயனம் எங்க வேலை இல்லீங்க."
தண்ணீர்: "கிணறா? நாங்க குழாய்த் தண்ணிதான் பாப்போம்."
எஸ்டேட்: ஆள் லீவு.

சாக்கடை ஆபீஸ் கிளார்க் அம்மா மட்டும் ஃபைலைத் திறந்து காட்டினார். என் மூன்று மனுவும் பத்திரமாக. "நகல்னு வந்தா கோத்து வச்சிடுவோங்க. யாராவது பாப்பாங்கன்னு. எங்க பேருக்கே வந்தாதான் நம்பர் போடுவோம். நம்பர் விழுந்தா பதில் சொல்லியே ஆகணும்."

பதினோரு வருஷமாக ஊருக்கே நகல் போட்டுக் கொடுத்தவள் நான். பஸ்ஸில் வெட்கமாக இருந்தது. கோபமும், என் மேல்தான்.

ஜூன் 12, வியாழன்
தனித்தனியாக நான்கு மனு. நகல் கிடையாது. ஆளுக்கு ஒரு கேள்வி மட்டும்.
புகை – கழிவை வெளியே விட அனுமதி உண்டா?
சாக்கடை – குழாயை இணைக்க அனுமதித்தது யார்?
தண்ணீர் – இந்த நீரில் குழந்தை குளிக்கலாமா?
எஸ்டேட் – கழிவை என்ன செய்வதாகப் பட்டறை எழுதிக் கொடுத்தது?

பானு: "இதாலயா நடக்கப் போவுது?"
"நடக்கும் பாரு."
நான்கு நம்பரும் வாங்கியாச்சு. மறக்கக் கூடாதது: டைப்ரைட்டர் ரிப்பன், ஸஃபியா களிம்பு.

ஜூன் 30, திங்கள்
நான்கு பதிலும் கையில். அனுமதி இல்லை. இணைப்பு பதிவிலேயே இல்லை. குளிக்க உகந்ததல்ல. கழிவு லாரியில் போவதாகப் பட்டறை எழுதிக் கொடுத்திருக்கிறது. தனித்தனியாக ஒன்றுமில்லை, சேர்த்துப் பின் அடித்தால் பட்டறை மாட்டிக்கொள்ளும். இன்று மனு நாள், கலெக்டர் கையிலேயே கொடுத்தேன்.

ஜூலை 3, வியாழன்
தூறல். நான்கு ஆபீஸும் ஒரே நேரத்தில் எங்கள் தெருவில்! ஒருவரை ஒருவர் இப்போதுதான் பார்க்கிறார்கள் போல. குழாயை வெட்டி, சிமெண்ட் வைத்து அடைத்தார்கள்.

பட்டறை மேனேஜர்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."
"உங்களுக்கு நகல் போட மறந்துட்டேங்க."

பானு சிரித்த சிரிப்பு! கிணற்றை இறைத்து, மறுபடி சோதித்த பிறகுதான் குளியல் என்று ஸஃபியாவிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை லாரித் தண்ணீர்.

ஜூலை 4, வெள்ளி
மனு எழுதிக் கொடுத்த பழைய நோட்டு முழுவதும் தேடினேன், பதில் வராதவர்கள் யார் யார் என்று. திருவெறும்பூர் பக்கம் மூன்று பேர். மண்ணச்சநல்லூரில் ஆலைச் சாம்பல் மனு கொடுத்த அம்மா. எல்லாம் நகல் போட்டவை. அந்த அம்மாவுக்கு முதல் போன்.

"அது அப்பவே தள்ளுபடி ஆயிருக்கும்னு விட்டுட்டேங்க."
"யாரும் தள்ளலைங்க. நான்தான் தப்பா எழுதிட்டேன். திங்கக்கிழமை வாங்க."