வியர்க்கும் கண்ணாடி அறை

ஜனவரி 9

காலையில் கண்ணாடி அறையைத் துடைத்ததில் துண்டெல்லாம் ஈரம். கூரையிலிருந்து சொட்டி, என் வீட்டுக்காரர் ராட்னியின் கம்பளிகூட நனைந்திருந்தது. பக்கவாதத்தில் பேச்சு போனதிலிருந்து அவருக்கு அந்த அறைதான் உலகம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் தந்த எழுத்துப் பலகையைத் தொடமாட்டார், அது குழந்தைச் சாமானாம். ஈரம் படிந்த கண்ணாடியில் இடதுகை விரலால்தான் எழுதுவார். இன்று எழுதியது: "முட்டை வேகலை." பேச்சுதான் போனது, குறை சொல்லும் குணம் அப்படியே இருக்கிறது.

ஜனவரி 13

ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்புப் பூஞ்சை. இவருக்கு இருமல்.

ஜனவரி 15

நர்ஸ் ஜாக்கி நெஞ்சைச் சோதித்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "காத்தே வரலையே கண்ணு! துணியையும் இங்கயே காயப்போடுற. கேஸ் ஹீட்டர் எரிஞ்சா அதுவும் ஈரத்தைத்தான் கக்கும். நெஞ்சு தெளியலைன்னா ஆஸ்பத்திரிதான்."

போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து பாதி மனிதராகத்தான் அனுப்பினார்கள். இன்னொரு தடவை என்றால் — எழுதமாட்டேன்.

ஜனவரி 16

ஜன்னல்களின் மேல்விளிம்பில் காற்றுக்காக விட்டிருந்த துளைகளை இவர்தான் இலையுதிர்காலத்தில், பக்கவாதம் வருமுன், டேப் ஒட்டி அடைத்தார். சூடு வெளியே போகாதிருக்க எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். "பொட்டுக் குளிர் வராது பாரு" என்று அப்போது பெருமையடித்தார். இன்று ஏணி போட்டு அத்தனையையும் உரித்தேன். கண்ணாடியில் "வேண்டாம்" என்று எழுதினார். நான் நிறுத்தவில்லை.

கூரை ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்தேன். மின்சார ஹீட்டர் வாங்கியாயிற்று. பழைய கேஸ் ஹீட்டரை எடுத்துப்போக வந்த இவர் தங்கை நோரீன் கத்தினாள்: "எங்கண்ணனை ஐஸ்பெட்டியில வைக்கப்போறியா?"

"கோட்டு போட்டுவிடுறேன், நீ கிளம்பு."

ஜனவரி 19

கண்ணாடி காய்ந்துவிட்டது! "தோட்டம் தெரியுதா ராட்னி?" என்று கேட்டேன். விரலைக் கண்ணாடியில் வைத்து இழுத்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடியும் இழுத்தார். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டார்.

அய்யோ. நான் என்ன பண்ணிட்டேன்?

ஜனவரி 20

பலகையை நீட்டினேன். தட்டிவிட்டார்.

ஜனவரி 24

இருமல் குறைந்திருக்கிறது. ஆனால் முகம் கொடுப்பதில்லை. வீட்டில் என் குரல் மட்டும்தான் — எனக்கே அலுத்துவிட்டது. சாயங்காலம் கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அறை வாசல்வரை போனேன். கொஞ்சம் ஆவி விட்டால் எழுதுவாரே! உள்ளே இருமினார். அப்படியே திரும்பிவிட்டேன்.

ஜனவரி 29

"நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றாள் ஜாக்கி. சந்தோஷப்படத்தான் வேண்டும்.

பிப்ரவரி 2

டீ கொண்டுபோனேன். இவர் முன்னால் சாய்ந்து, கண்ணாடியருகே முகத்தை வைத்து ஊதினார். வாய் கோணியிருப்பதால் ஈரமும் கோணலாகப் படிந்தது. ஆனால் நீளமான மூச்சு, இருமலே இல்லை. அந்த உள்ளங்கையளவு இடத்தில், மறைவதற்குள் அவசரமாக எழுதினார்:

"குளிருது."

அழுதுகொண்டே போய் இன்னொரு கம்பளி எடுத்துவந்தேன்.