ஆலைக்காரிக்கு யாரும் பயப்படவில்லை

நவம்பர் 7, வியாழன்

இன்றைக்கும் என் வில்லனைச் சிரித்தே கொன்றுவிட்டார்கள்.

எத்தனை நாள் உட்கார்ந்து உருவாக்கிய கொடுங்கோல் பிரபு! சாவா — என் கணவரின் தம்பி — இருபது முகப் பகடையை உருட்டினான், முழு இருபதும் விழுந்தது, பிரபு படிக்கட்டில் உருண்டு செத்தான். பாவம், வாயைத் திறந்து ஒரு வசனம்கூடப் பேசவில்லை. என் தோழி நெவேனாவுக்குச் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறியது.

அப்புறம்தான் நண்பன் டெயான் ஆரம்பித்தான். "கோர்டனா, தப்பா எடுத்துக்காத. ஒரு மாறுதலுக்கு நான் ஆட்டத்த நடத்தட்டுமா? நீயும் எங்களோட உக்காந்து ஜாலியா விளையாடு."

ஜாலியாம்!

இந்த ஆட்டத்தில் ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைந்து, கதவை உடைக்கிறேன், ஓடுகிறேன் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். எங்கள் மேசையில் கதை சொல்லும் நாற்காலி ஆரம்பத்திலிருந்தே என்னுடையது. பகலெல்லாம் நான் பேருந்து நிலையத்துக் கண்ணாடிக்குப் பின்னால். "நோவி சாத் பேருந்தா? மூணாவது நடைமேடை." அவ்வளவுதான் என் பேச்சு. வீட்டில் கணவர் மிலோயேயிடம் ஏதாவது சொன்னால் தொலைக்காட்சிதான் பதில் சொல்லும். நான் பேசி நாலு பேர் கேட்பது வியாழக்கிழமை மட்டும்தான். நாலுகூட இல்லை, மூன்று. அதையும் டெயானுக்குத் தூக்கிக் கொடுப்பதா?

கெடு கேட்டேன். டிசம்பர் 19, புனித நிக்கோலா திருநாளுக்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, இவர்களை நிஜமாகப் பயப்பட வைக்காவிட்டால் நாற்காலி அவனுக்கு. சாவா சாட்சி.

ஏன்டி இப்படி வாயைக் கொடுத்தாய்?

நவம்பர் 9

பயம் என்றால் எனக்கு ஆலைக்காரிதான்.

பதினோரு வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போன படம். ஆற்றங்கரையில் பாழடைந்த மாவு ஆலை. அங்கே மூழ்கிச் செத்த பெண் ஒருத்தி, சொட்டச் சொட்ட ஈர முடியோடு, முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நிற்பாள். பேச மாட்டாள். ஒவ்வொரு காட்சியிலும் கொஞ்சம் கிட்டே வந்திருப்பாள். கடைசியில் திரும்புவாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவள் முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். "பேயாவது ஒண்ணாவது," என்றாள் அம்மா. "அந்தக் கொட்டகைல ரெண்டு பக்கமும் கதவத் திறந்து போட்டிருந்தான் படுபாவி. குறுக்குக் காத்து அடிச்சிருக்கு." எங்கள் ஊரில் காது, கழுத்து, சிறுநீரகம், எது கெட்டாலும் பழி குறுக்குக் காற்றுக்குத்தான்.

ஆலைக்காரியை ஆட்டத்துக்குள் இறக்கப் போகிறேன். டெயானே, இருக்கிறது உனக்கு.

நவம்பர் 12

ஆலைக்காரிக்கு விவரத் தாள் தயார். உயிர்ப்புள்ளி (அடி விழ விழக் குறையும், தீர்ந்தால் சாவு): தொண்ணூறு. வேகம்: குறைவு. ஆயுதம்: ஈர முடி. படிக்கும்போதே எனக்குச் சில்லிட்டது.

நவம்பர் 14, வியாழன்

மானம் போச்சு.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்தி, "ஆலையின் கோடியில் ஒரு பெண் முதுகு காட்டி நிற்கிறாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது," என்றேன்.

சாவா உடனே, "அண்ணி, நான் அவங்ககிட்டப் போய் 'ஏங்க நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க'ன்னு சொல்றேன்."

"அவள் பேசவில்லை."

"தல ஈரமா இருக்கே, சளி புடிச்சுக்கும். நான் துண்டு குடுக்கறேன்," என்றாள் நெவேனா. அவள் மருந்துக்கடைக்காரி, விளையாட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியாது.

டெயான் இன்னும் ஒருபடி மேலே. பையிலிருந்து சீமைமாதுளைப் பாகு எடுத்தானாம். ஒரு கரண்டி பாகு, ஒரு தம்ளர் தண்ணீர், எங்கள் வழக்கப்படி விருந்தாளிக்கு வைக்கிற மாதிரியே பேய்க்கு நீட்டினான். படத்தில் அவள் எதையும் வாங்க மாட்டாள். அதனால், "அவள் வாங்கவில்லை," என்றேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

"வாங்கலயா?" சாவாவுக்கு முகமே மாறிவிட்டது. "நீட்டின பாகுல ஒரு வாய் வைக்கல? என்ன திமிரு இவளுக்கு!"

பயம் வரவில்லை, ரோஷம் வந்துவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து அடித்தார்கள். தொண்ணூறு புள்ளியும் காலி. கடைசியில் அவள் முகத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 15

யோசித்தேன். கொட்டகையில் நான் நாற்காலியோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தேன். "ஐயோ, அவளிடம் போகாதே" என்று கதாநாயகியைத் தடுக்க முடியாது. இங்கே இவர்களுக்குக் கால் இருக்கிறது, கை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே வாய் இருக்கிறது. அவர்களிடம் பேயைக் கொடுத்தால் துண்டு கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

அப்புறம் அந்தத் தொண்ணூறு. கணக்கு இருந்தால் கழிக்கத்தானே செய்வார்கள்! புத்தி எங்கே போச்சு எனக்கு?

நவம்பர் 21, வியாழன்

புள்ளி இல்லை. அடித்தாலும் கத்தி புகைக்குள் போகிற மாதிரி போகும். (போன வாரம் செத்தது அவளுடைய நிழல் என்று சமாளித்தேன்.) மெழுகுவத்தி ஏற்றினேன். இசை வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்து, "அவள்... மெதுவாக... திரும்புகிறாள்," என்றேன்.

"கோ...ல்!"

பக்கத்து அறையில் மிலோயே.

"ஆலைக்காரி கோல் போட்டுட்டா," என்றான் டெயான். அதற்கு மேல் ஆட்டமே நடக்கவில்லை.

மிலோயேயுடன் இரண்டு நாள் பேசப் போவதில்லை. அவருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம்.

நவம்பர் 23

பேசவில்லை. தெரியவில்லை.

நவம்பர் 28, வியாழன்

இதை உடனே எழுதியாக வேண்டும்.

இன்றைக்கு ஆலைக்காரி டெயானின் முதுகுக்கு ஒட்டிப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு கழுத்தில் படுகிறது என்றேன். அவன் பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தான். "ம்ம், சொல்லு," என்றான். சொல்லணுமாம்! அழுகையே வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது, நாற்காலியை எடுத்துக்கொள் என்று சொல்ல வாயைத் திறக்கப் போனேன், அடுப்பில் முட்டைக்கோஸ் உருண்டை தீயும் வாடை.

ஓடினேன். சமையலறை முழுக்கப் புகை. சன்னலை அகலத் திறந்தேன். கூடத்தில் பால்கனிக் கதவு ஏற்கெனவே திறந்திருந்ததை மறந்தே போனேன்.

காற்று குறுக்கே பாய்ந்ததுதான் தாமதம், மூன்று பேரும் ஒரே குரலில் அலறினார்கள்!

"அண்ணி, சாத்து! சாத்து!" சாவா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டான். படித்த மருந்தாளுநர் நெவேனா மேசைவிரிப்பை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டு, "ஐயோ என் சிறுநீரகம்!" என்றாள். டெயான் — விதை கொறித்த டெயான் — காதைப் பொத்தியபடி பால்கனிக் கதவுக்கு ஓடினான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

நான் கரண்டியோடு வாசலில் நின்று அந்த மூன்று முகங்களையும் பார்த்தேன். இத்தனை வாரமாக நான் தேடிய முகம்.

உருண்டை கரியாகிவிட்டது. போகட்டும்.

நவம்பர் 29

அம்மா அன்றைக்கே சொன்னாளே!

டிசம்பர் 2

பழைய தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் ஒரே வரி: அவள் யாரையும் தொட மாட்டாள், திறப்பாள்.

டிசம்பர் 5, வியாழன்

மெழுகுவத்தி இல்லை, இசை இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் வீட்டிலிருக்கும் எல்லாச் சன்னலையும் நானே தாழிட்டேன். டெயானையே சரிபார்க்கச் சொன்னேன்.

"ஆலைக்குள் நடந்து வியர்த்திருக்கிறீர்கள். சட்டை முதுகில் ஒட்டுகிறது," என்று ஆரம்பித்தேன்.

நெவேனா நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டி வேர்வையப் பத்திச் சொல்ற?"

"இடது பக்கம் ஒரு சன்னல் திறந்திருக்கிறது."

"சரி, இருக்கட்டும்," என்றான் டெயான். ஆனால் விதையைக் கீழே வைத்துவிட்டான்.

"வலது பக்கம்... எங்கேயோ ஒரு கொண்டி மெதுவாக நகரும் சத்தம்."

"சாத்தறேன்! அண்ணி, நான் இடப்பக்கத்தச் சாத்தறேன்!"

சாத்தினான். மேலே ஒன்று திறந்தது. நெவேனா அதைச் சாத்த ஏணியில் ஏறினாள், அவள் ஏறும்போது பின்கதவு திறந்தது. டெயான் ஆலைக்காரியை வெட்டப் போனான். "யாரை? அங்கே யாரும் இல்லை. ஈரமான தரை மட்டும் இருக்கிறது. காற்று உன் காதுக்குள் போகிறது," என்றேன்.

"காதுக்குள்ளயா? எந்தக் காது?" என்றான் அவன். குரல் கம்மியிருந்தது.

சாவா எழுந்து போய்த் தன் நிஜமான கம்பளிக் கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை. நெவேனாவும் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டாள். நான் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு சன்னல், இன்னொரு சன்னல், அவ்வளவுதான் சொன்னேன். "தூரத்தில் அவள் திரும்புகிறாள்," என்றபோது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள்!

அப்போது பக்கத்து அறையில் தொலைக்காட்சி அணைந்தது. மிலோயே செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார், எங்களைக் கடந்து போய்ப் பால்கனிக் கதவை இழுத்துப் பார்த்தார். தாழிட்டுத்தான் இருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

டிசம்பர் 6

டெயான் தொலைபேசியில் கூப்பிட்டான். கழுத்து பிடித்துக்கொண்டதாம், ஒரு பக்கம்தான் திரும்புகிறதாம். "உன் வீட்டுல எங்கயோ ஒரு சன்னல் திறந்திருந்துச்சு கோர்டனா, பொய் சொல்லாத."

"நீதானே சரிபார்த்த?"

பேச்சை மாற்றி, "வியாழக்கிழம ஆறு மணிக்குத்தானே?" என்றான். நாற்காலியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மிலோயே ரொட்டியைப் பிய்த்தபடி, "அந்தப் பின்கதவு," என்றார்.

"எந்தப் பின்கதவு?"

"ஆலைல. நெவேனா ஏணில இருந்தாளே, அப்பத் திறந்துச்சே. அத யாராச்சும் சாத்தினாங்களா, இல்ல அப்படியே விட்டுட்டு வந்துட்டாங்களா?"

கரண்டியை வைத்துவிட்டு அவரையே பார்த்தேன். சன்னல் சன்னலாக நான் சொன்ன எல்லாவற்றையும் இந்த மனிதர் கேட்டிருக்கிறார்.

"சாத்தலங்க," என்றேன்.

"அறிவு கெட்டதுங்க," என்றார்.

டிசம்பர் 12, வியாழன்

சமையலறையிலிருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டோம். மிலோயே கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். டெயான் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பி அவருக்கு வணக்கம் சொன்னான். பகடையை எப்படி உருட்டுவது என்று சாவா அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஆரம்பி," என்றார் மிலோயே.

"ஒரு நிமிஷம்," என்று நான் எழுந்து போய்க் குளியலறைச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.