மேற்குச் சுவர்

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் தொல்லியல் திணைக்களத்து ஆய்வு உதவியாளன் றொஹான் காலையிலேயே என் மேசைக்கு வந்துவிட்டான். "அக்கா, குகைச் சாவியை ரெண்டு நாளைக்குத் தாங்கோவன். போட்டோ மட்டுந்தான்."
அனுமதிக் கடிதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது. பதிவுப் புத்தகத்தில் நானே போவதாக எழுதிவிட்டுக் கொடுத்தேன். அவன் மகளுக்கு நான்தான் ஞானத்தாய். இதைக்கூடச் செய்யாவிட்டால் என்ன உறவு?

மார்ச் 6, வியாழன்
சாவி வந்தது. கூடவே அவன் மனைவி நதீஷா செய்த மீன் கட்லட்.

ஏப்ரல் 1, செவ்வாய்
குகைக்குப் போனேன். அகழ்வுக் குழியின் மேற்குச் சுவரை வெட்டியிருக்கிறார்கள். இத்தனை வருட அகழ்வில் ஒருவரும் தொடாத சுவர். நம்மைவிட நல்ல கருவிகளோடு பின்னால் வருகிறவர்களுக்கென்று விட்டுவைத்தது. முப்பதாயிரம் வருடத்து மண், நத்தை ஓடும் குரங்கெலும்பும் படை படையாக. அதன் நடுவே ஒரு முழுப் பாண் ரொட்டி அளவுக்கு ஓட்டை.
அவனாக இருக்காது. இருக்காதா?

ஏப்ரல் 2, புதன்
கேட்டேன். "ரெண்டு கை மண்தானே அக்கா. வெளிநாட்டு லாப்காரர் கேட்டவை. என்ர ஸ்கொலர்ஷிப் விஷயம்."
நீயே பணிப்பாளரிடம் சொல் என்றேன். நாளைக்குச் சொல்கிறானாம்.

ஏப்ரல் 3, வியாழன்
சொன்னான். "சாவி பிறிஜெற் அக்காட்டத்தான் இருந்தது சேர். எனக்கு ஒண்டும் தெரியாது."
பணிப்பாளர் ஸவாஹிர் சேர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டினார். மார்ச் 4. என் பெயர், என் கையெழுத்து.
பாவி, என்னை வித்துப்போட்டியே. உன்ர பிள்ளையைக் கையில ஏந்தித் தண்ணி ஊத்த நிண்டவள் நான் —

ஏப்ரல் 7, திங்கள்
என் கணவர் ரெனால்ட் சொல்கிறார்: "பேசாம இரும். கவனக்குறைவு எண்டு ஒரு கடிதத்தோட விட்டிடுவினம். பொய்யா எழுதினனான் எண்டு சொன்னீரோ, சாவி போயிடும்."
பதினேழு வருடம் அந்தச் சாவி என்னிடம். ஆனால் மண் எங்கே போனது என்று சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 8, செவ்வாய்
எழுதிக் கொடுத்தேன். பொய்ப் பதிவு என்னுடையது என்பதை முதல் வரியிலேயே.

ஏப்ரல் 27, ஞாயிறு
மண் பொதி பிரிக்கப்படாமலே அந்த வெளிநாட்டு லாபில் இருந்ததாம், திருப்பி அனுப்புகிறார்கள். றொஹானை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சாவி இனி என்னோடு வேலைசெய்யும் பர்ஸானாவிடம். எனக்குக் களஞ்சியத்தில் வேலை.
இன்று பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். யாரும் கூப்பிடவில்லை. கோவிலின் ஞானஸ்நானப் புத்தகத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. அதில் நான் பொய் எழுதவில்லை.
பிள்ளைக்கு வாங்கிவைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு ஹெந்தளையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நதீஷா கேற்றைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கினாள். உள்ளே பிள்ளையின் சத்தம் கேட்டது.