இரண்டு லெட்சுமிகள்

மார்ச் 12, செவ்வாய்

கிளினிக்குகளுக்கான எங்கள் செயலி நாளை சிம்பாங் அம்பாட் ஊர் கிளினிக்கில் தொடங்குகிறது. சோதித்து ஒப்புதல் தரவேண்டியவள் நான். தகப்பன் பெயரைப் பார்க்காமல் நோயாளியின் பெயரை மட்டுமே அது பார்க்கிறது. இரண்டு லெட்சுமிகளின் மருந்துப் பட்டியல் ஒன்றாகிவிட்டது. முதலாளி கவினிடம் காட்டினேன்.

"முதல்ல லான்ச் பண்ணுவோம் லா அக்கா. அடுத்த வாரம் சரி பண்ணிக்கலாம். நீங்க ஒரு ஹேண்ட்பிரேக்!"

அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"நாளைக்கு கிளினிக்ல பழைய மருந்து அட்டையையும் காட்டும்மா. என்னைக் கேக்காம எந்த மருந்தும் சாப்பிடாதே."

"ஏன்? அது உன் கம்பெனி செஞ்சதுதானே?"

அந்த இருவரில் ஒரு லெட்சுமி அம்மாதான். இன்னொருவருடைய தொலைபேசி எண்ணும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னும் அழைக்கவில்லை.