நெத்தலியா, கொடுவாவா

மச்சான்,

நெத்தலிக் கிட்டாரின் தோல் வாரில் இன்னும் தைலம் மணக்கிறது. பெட்டியைத் திறந்த உடனே மூக்கில் ஏறியது. கடைசி வருசம் முழுக்க இடது காதுக்குப் பின்னால் அந்தத் தைலத்தைத்தானே தேய்த்துக்கொண்டு திரிந்தாய். வார் அதே பக்கத் தோளில் கிடந்து எல்லாவற்றையும் குடித்துவிட்டது. நீ கண்ணை மூடி ஏழு மாதம். உன் மனைவி நேற்று இரண்டு கிட்டார்களையும் ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். ஒன்றை நான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். எது உனக்கு உயிர் என்று எனக்குத்தான் தெரியுமாம்.

நெத்தலி, கொடுவா என்று மீன் பெயர்களை வைத்தவன் நீதான். வெள்ளைக் கிட்டார் மெலிந்தது, கழுத்து ஒடுங்கியது, சத்தம் முள்ளு முள்ளாகப் பளிச்சென்று வரும். அது நெத்தலி. கறுப்பு, கொடுவா. தோளில் போட்டால் தோள் இறங்கும், கழுத்து உள்ளங்கையை நிரப்பும், ஒரு கம்பியைத் தட்டினால் சத்தம் கொழுத்து நின்று ஆறுதலாக அடங்கும். வெயில் காலத்தில் கொடுவாவின் கழுத்து வார்னிஷ் கையோடு ஒட்டுகிறது என்று ஒருநாள் அரத்தாளை எடுத்துத் தேய்த்தே விட்டாய். நல்ல சாமானைக் கெடுக்கிறாய் என்று நான் ஏசினேன். தேய்த்த பிறகு வாசித்துப் பார்த்தேன், கை வழுக்கிக்கொண்டு போனது. ஆனாலும் அதை உன்னிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நெத்தலிக்கு இரைச்சல் வருத்தம். திருவிழா மேடையில் ஜெனரேட்டரும் டியூப் லைட்டுகளும் வேலை செய்யத் தொடங்கினால் அதுவும் சேர்ந்து இரையும். கம்பியில் கை வைத்தால் அடங்கிவிடும். "இவளுக்குத் தனிய நிக்கப் பயம் மச்சான்" என்பாய். கொடுவாவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எது திறம் என்று முப்பது வருசமாக நாம் பிடிக்காத சண்டையா? நான் கொடுவாப் பக்கம். உனக்கு அதன் காரணமும் தெரியும். "கொடுவா பிழைய மூடும், நெத்தலி காட்டிக் குடுக்கும். அதான் உனக்கு அவளில விருப்பமில்ல" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரிப்பாய்.

ஆரையம்பதியில் உன் வீட்டு முன்னறையில் நாம் விளையாடிய விளையாட்டை நினைக்கிறேன். ஒருவன் துவாயால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவன் ஒரே அம்ப் பெட்டியில் மாற்றி மாற்றி வாசிக்க, நெத்தலியா கொடுவாவா என்று சொல்ல வேண்டும். நான் பாதிக்குப் பாதி பிழைவிடுவேன். நீ ஒருநாளும் பிழைவிட்டதில்லை. துருப்பிடித்த கம்பியோடு வாசித்தாலும் சரியாகச் சொல்வாய்.

பிறகுதான் காதுக்குள் கூவுகிறது என்று சொல்லத் தொடங்கினாய். மட்டக்களப்புக்குப் போய்க் காட்டச் சொல்லி உன் மனைவி நச்சரித்தாள். நீ என்னைக் கூப்பிட்டு அவளுக்குக் கேட்கும்படி சொன்னாய்: "காது பழுதெண்டா எனக்குத் தெரியாதா? கண்ணக் கட்டுறன், இவன் பத்துத் தரம் வாசிக்கட்டும். ஒண்டு பிழைச்சாலும் நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போறன்." அவள் ஓம் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மூன்று தரம் சரியாகச் சொன்னாய். நாலாவது நான் கொடுவாவை வாசித்தேன். நீ நெத்தலி என்றாய். துவாய்க்குக் கீழே உன் முகத்தைப் பார்த்தேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் "சரி" என்றேன். ஒன்றைச் சொன்ன வாய்க்கு மற்றவை கஷ்டமாக இருக்கவில்லை. பத்தில் நாலு பிழை மச்சான். நாலுக்கும் சரி என்றேன்.

உன் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு கொஞ்சக் காலம் இருந்தேன். அதுவும் பொய். அடுத்த கிழமை கிரானில் திருவிழாக் கச்சேரி. உன்னை விட்டால் லீட் வாசிக்க நமது இசைக்குழுவில் ஆளில்லை. நீ ஆசுபத்திரியில் படுத்தால் கச்சேரி போய்விடும் என்று நினைத்தேன். இதை இன்றைக்குத்தான் எழுத்தில் பார்க்கிறேன், பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

துவாயை அவிழ்த்துவிட்டு, "பத்துக்குப் பத்து, கேட்டியா?" என்று குசினிப் பக்கம் கத்தினாய். கிரானில் நன்றாகவே வாசித்தாய். காது கைவிட்டாலும் விரல்கள் பழக்கத்தில் ஓடின.

ஐந்து மாதம் கழித்துத் தலைசுற்றி வாசலில் விழுந்தாய். ஸ்கான் எடுத்தார்கள். காதுக்குப் பின்னால், தலைக்குள் வளர்ந்திருந்தது. சிறிதாக இருக்கும்போதே கண்டிருந்தால் வழி இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் நீ என்னைப் பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. பார்க்கத் துணிவில்லாமல்தான் குனிந்தேன்.

இன்று காலை இரண்டு கிட்டார்களையும் திருப்பிக் கொண்டுபோனேன். எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வரத்தான் போனேன், பொய் சொல்லமாட்டேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தாள். ஏன் அண்ணன், அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டாள். பிறகு அவளாகவே அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"நான்தான் விட்டுட்டன் அண்ணன். பத்தும் சரியெண்டதுக்கு மறுகா நானும் வாயத் திறக்கல்ல. இழுத்துக்கொண்டு போயிருக்க வேணும்."

ஏழு மாதமாக என் பழியைத் தன் பழி என்று சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு மேல் என்னால் அடக்கி வைக்க முடியவில்லை. பத்தும் சரியில்லை தங்கச்சி, நான் பொய் சொன்னேன் என்றேன். கச்சேரியைப் பற்றியும் சொன்னேன். சுளகு அசையாமல் நின்றது.

"எத்தின பிழை?"

"நாலு."

அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்டைக்கு நான் குசினிக்க நிண்டு அம்மனுக்கு நேர்ந்தனான்," என்றாள். "அவர் ஒண்டாவது பிழையாச் சொல்லட்டும் எண்டு."

கிட்டார்களைச் சுவரோடு சாத்திவிட்டு எழுந்து வந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள் மச்சான். அம்மன் நாலு கொடுத்திருக்கிறாள். நாலையும் நான் நடுவில் நின்று மறைத்துவிட்டேன்.